முகமில்லாத ஒரு கிராம்

எம்.சி. ரோட்டுக் கடைக்குள் நுழையுமுன்
முழங்கையைப் பார்த்துக்கொண்டேன்.
ஒரு செதில், கொடுவாவுடையது.
மூன்று தண்ணீர் ஊற்றிக் கழுவியும் போகாமல்
கடை வெளிச்சத்தில் மினுக்கியது.
எனக்கு வேண்டிய காசும்
ஏறக்குறைய அந்த அளவுதான்.

பையன் வேலைக்குப் புதிது.
சட்டையில் பெயர் குத்தியிருந்தான்: யுவநேசன்.
"எட்டு கிராமா எடுங்கக்கா, கூலி கம்மி."
கணக்கு அவன் பக்கம்தான்.
சின்னதாய் வாங்குகிறவளிடம்தான்
எப்போதும் கூடுதலாய்ப் பிடுங்குவார்கள்.
காசிமேட்டில் கால் கிலோ நண்டு கேட்பவளிடம்
நாங்களும் அதைத்தான் செய்கிறோம்.

ஆனால் தம்பி,
வஞ்சிரம் என்றால் துண்டு போடுவேன்,
தலை ஒருத்திக்கு, வால் ஒருத்திக்கு.
ஒரு சவரனைக் கொண்டுவந்து
ஸ்கூல் வேன் காசுக்கு மட்டும் நறுக்கு என்றால்
நறுக்குவாயா?
முழுசும் விற்று மிச்சம் ரொக்கமாய் நின்றால்
என் வீட்டில் அது இரண்டு ராத்திரி தங்காது.
சூசைராஜுக்கு ரொக்கத்தின் வாசனை
கல்மண்டபம் தாண்டும்போதே தெரிந்துவிடும்.

"வாங்குற விலைய அப்புறம் சொல்லு.
திருப்பிக் குடுத்தா என்னா தருவ?"
அவன் முதலாளியைப் பார்த்தான்.
முதலாளி என்னைப் பார்த்தார்.
இதை முதலில் கேட்டவள் நான்தான் போலிருக்கிறது.

பேங்க்கில் ஒருமுறை வாங்கியிருக்கிறேன்.
உறை கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது.
திருப்பிக் கொண்டுபோனபோது
விற்போம், வாங்க மாட்டோம் என்றார்கள்.
அன்று மத்தியானம் முழுக்க
கடை கடையாய் ஏறி இறங்கினேன்,
அந்தப் பத்திரிகையைக் கையில் பிடித்துக்கொண்டு
யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ.

அதனால் இப்போது
முத்திரை பார்ப்பேன், ஆறெழுத்துக் குறி பார்ப்பேன்,
பில்லில் என் பெயரைக் கூட்டிப் படிப்பேன்.
"அமலோபவம்" என்று அடித்திருந்தான்.
ஆதாரில் எப்படியோ அப்படியே அடி என்றேன்.
அவனுக்கு அலுப்பு.
அவனுக்குத் தெரியாது,
பில் இல்லாத தங்கத்தோடு நான் நின்றால்
எந்தக் கடைக்காரர் கண்ணும்
முதலில் என் புடவைக்குத்தான் போகும்.

தட்டில் மூன்று வைத்தான்.
ஒன்றில் லட்சுமி. ஒன்றில் மாதா.
"உங்களுக்கு இதுதானக்கா" என்று
மாதாவை என் பக்கம் தள்ளினான்.

வேண்டாம்ப்பா.
முகம் இருந்தால் விற்க வராது.
போன தடைக்காலத்தில் மாதாவை வைத்துக்கொண்டு
ஒன்பது நாள் கஞ்சி குடித்தோம்,
பத்தாம் நாள் கந்துக்கு வாங்கினேன்.
அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மூன்றாவதில் ஒரு பூ. என்ன பூ என்று தெரியாது.
அதைக் கொடு.

இப்போது தடைக்காலம், நாற்பதாம் நாள்.
ஃபைபர் படகு கொண்டுவருகிற கொஞ்சத்துக்கு
முப்பது அரிவாள்மணை காத்துக்கிடக்கிறது.
கெட்டுப்போன மிக்ஸியின் அடியைக் கழற்றினேன்.
நான்கு திருகு. ஒன்று துருப்பிடித்திருந்தது.

அதே கடை. யுவநேசனுக்கு மீசை வந்திருக்கிறது.
கத்தரிக்கோலால் உறையை வெட்டினான்.
தராசில் போடப் போனவனிடம்
ஒரு நிமிஷம் என்றேன்.

பதினான்கு மாதமாய் என்னுடையது.
ஒருதரம்கூடத் தொட்டதில்லை,
உறை பிரிந்தால் விலை குறையுமென்று.
விரல் நுனியில் வைத்துப் பார்த்தேன்.
கனமே இல்லை. கொஞ்சம் ஜில்லென்றிருந்தது.
இதழ் ஆறு.

"அக்கா, தராசு."

கொடுத்தேன்.
பில்லை நீட்டினேன். ஐஸ் தண்ணீர் பட்டு
ஒரு மூலை உப்பியிருந்தது.
பெயரைச் சரிபார்த்தான், எழுத்தெழுத்தாய்.
வீட்டில் இன்னும் எத்தனை இருக்கிறது என்று
கேட்கவில்லை.
நல்ல பையன்.